6,885 ரூபாய் எந்தக் கணக்கு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூர் மாவட்டம் புவனகிரி பக்கம் உங்களுக்கு 3 ஏக்கர் சம்பா. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் மழையில் மூன்று ஏக்கரும் எட்டு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிப்போனது. அரசு நிவாரணம் அறிவித்தது. சில மாதம் கழித்து உங்கள் கணக்கில் 6,885 ரூபாய் ஏறியது. வரப்புக்கு அந்தப் பக்கம் அதே 3 ஏக்கர் வைத்திருப்பவருக்கு 20 ஆயிரத்துச் சொச்சம் வந்திருக்கிறது. உங்கள் நிலத்தில் 1 ஏக்கர் உங்கள் பெயரில் பட்டா. மீதி 2 ஏக்கர் கோயில் நிலம், காலமாகிவிட்ட உங்கள் அப்பா எடுத்த குத்தகை. காப்பீட்டுக்கும் பணம் கட்டியிருந்தீர்கள், அதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. "நஷ்டத்தில் ஏதோ ஒரு சதவீதம் போட்டுக் குறைத்துவிட்டார்களா? இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?" என்று கேட்கிறீர்கள். மீதியை யாரிடம் போய்க் கேட்பது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் வேளாண்மைத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். உதவி வேளாண்மை அலுவலராகச் சேர்ந்து, பெரும்பாலும் நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கமே கழித்தேன். வெள்ளம், வறட்சி என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக நடந்து கணக்கெடுத்த வருடங்கள் பல. கடலூர் மாவட்டத்தில் வேலை பார்த்ததில்லை. ஆனால் விதிமுறை மாநிலம் முழுக்க ஒன்றுதான். அதனால் கணக்கை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் ஊர்ப் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை இங்கே உட்கார்ந்து ஊகிக்கத்தான் முடியும். எது எது ஊகம் என்று அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஃபெஞ்சலுக்கு அரசு அறிவித்தது நெல் உள்ளிட்ட இறவைப் பயிருக்கு, அதாவது பாசனப் பயிருக்கு, ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். நம் பதிவேட்டில் ஒரு ஏக்கர் என்பது 0.40.5 ஹெக்டேர். 17,000-ஐ 0.405-ஆல் பெருக்கிப் பாருங்கள்: சரியாக 6,885. அடுத்த வயல்காரருக்கு மூன்று மடங்கு, 20,655 வந்திருக்கும். ஆக உங்களுக்கு எந்தச் சதவீதமும் போட்டுக் குறைக்கவில்லை. ஒரு ஏக்கருக்கு முழுத்தொகை கொடுத்திருக்கிறார்கள். இன்னும் 2 ஏக்கருக்கான பணம் உங்களுக்கு வரவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டா நிலத்துக்கு வந்தது, கோயில் நிலத்துக்கு வரவில்லை என்றுதான் அந்த எண் சொல்கிறது.

"இழப்பீடு" என்று நீங்கள் எழுதியிருப்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், மேடையிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் இந்தப் பணம் இழப்பீடு அல்ல. அரசாணையில் இதற்குப் பெயர் இடுபொருள் மானியம். போன பயிரின் விலையை ஈடுகட்டுவதற்காக இதை வைக்கவில்லை. அடுத்த பயிருக்கு விதை, உரம் வாங்க ஒரு கைகொடுப்பு, அவ்வளவுதான். அதனால்தான் உங்களுக்கு எத்தனை மூட்டை போனது, எவ்வளவு கடன் வாங்கிப் போட்டீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பரப்பு மட்டும்தான் கணக்கு. சம்பாவுக்கு ஏக்கருக்கு 30 ஆயிரத்துக்குக் குறையாமல் செலவு செய்தவரிடம் 6,885-ஐக் கொடுத்து அதை இழப்பீடு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபம் நியாயம். ஆனால் மனு எழுதும்போது "என் நஷ்டத்துக்கு இழப்பீடு குறைவு" என்று எழுதினால் அது எங்கும் நகராது. "என் சாகுபடிப் பரப்பில் 2 ஏக்கர் விடுபட்டிருக்கிறது" என்று எழுதினால் அதற்கு ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்றால், 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு மாநிலப் பேரிடர் நிவாரண நிதி உண்டு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அதில் 75 சதவீதம் ஒன்றிய அரசு, 25 சதவீதம் மாநில அரசு. அந்த நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஒரு விதிமுறைப் பட்டியல் போடுகிறது. 2022-23 முதல் 2025-26 வரைக்குமான பட்டியலில் மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500, இறவைப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒரு விவசாயிக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 5 ஏக்கர். அதற்கு முந்தைய பட்டியலில் நெல்லுக்கு 13,500 இருந்தது. 2016-17 வறட்சியில் ஏக்கருக்கு 5,465 என்று கொடுத்தார்களே, அது இந்த 13,500-ஐ ஏக்கருக்குப் பிரித்ததுதான். மாநில அரசு தன் கையிலிருந்து சேர்த்துக் கொடுத்த வருடங்களும் உண்டு. நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு 2021 தொடக்கத்தில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிப் பெய்த மழைக்கும் 20,000 அறிவித்தார்கள். அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு 17,000 என்று வந்தது. "அன்றைக்கு 20 கொடுத்தீர்களே" என்று டெல்டாவில் இன்றைக்கும் கேட்பதற்கு இதுதான் காரணம். மாநிலம் கூடுதலாகக் கொடுப்பது அந்தந்த நேரத்து முடிவு. அதை உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது. விதிமுறைப்படியான தொகை அப்படியல்ல, தகுதி இருந்தால் அது வரவேண்டிய பணம்.

இன்னொன்று, அறிவிப்பு வரும்போது ஹெக்டேர் என்ற சொல்லைத் தாண்டிப்போய் 17,000, 20,000 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறோம். ஏக்கருக்கு 17,000 என்று நினைத்துக் கணக்குப் போட்டு, அதை நம்பிக் கடன் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். டெல்டாவில் மாக்கணக்கில் பேசுகிற ஊர்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்தால் மாவுக்கு 2,300 ரூபாய்கூட வராது.

சரி, தகுதி என்றால் என்ன? பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கவேண்டும். 2015 வரைக்கும் இது 50 சதவீதமாக இருந்தது, அந்த ஆண்டு ஏப்ரலில்தான் 33-ஆகக் குறைத்தார்கள். எனக்குத் தெரிந்து இந்த விதிமுறையில் விவசாயிக்கு உண்மையிலேயே கைகொடுத்த மாற்றம் அதுதான். பலருக்குத் தெரியாத ஒன்று: 33-ஐத் தொட்டுவிட்டால் 35 ஆனாலும் 100 ஆனாலும் தொகை ஒன்றே. 30 என்று எழுதிவிட்டால் ஒன்றும் கிடையாது. நடுவில் படிக்கட்டு எதுவும் கிடையாது.

அந்த 33-ஐ யார் அளக்கிறார்கள்? கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயலுக்கு வந்து எடுப்பது கூட்டுக் கணக்கெடுப்பு. தராசோ கருவியோ இல்லை, கண்ணளவுதான். 2021 ஜனவரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொங்கலை ஒட்டி விடாத மழை. அறுவடைக்கு நின்ற சம்பா அப்படியே படுத்துவிட்டது. ஒரு வயலில் வரப்பிலிருந்து பார்த்தால் கதிர் மஞ்சளாக, சாய்ந்திருந்தாலும் நன்றாகவே தெரிந்தது. கூட வந்தவர் "சேதம் முப்பது தேறும் சார், போகலாம்" என்றார். நிலத்துக்கார அம்மா ஒன்றும் பேசாமல் சேற்றில் இறங்கி, அடியில் கிடந்த ஒரு பிடியைச் சுருட்டித் தூக்கிக் காட்டினார். மேலே தெரிந்த கதிர் ஒரு அடுக்குதான். கீழே கிடந்த அத்தனை மணியிலும் பச்சையாக ஒரு விரல்கடை நீளத்துக்கு முளை. கையில் எடுத்தால் சூடு, புளித்த வாடை. 30 என்று எழுதப்போன இடத்தில் 70 என்று எழுதினோம். அவர் அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் அந்த வயலுக்கு ஒரு பைசா வந்திருக்காது. அதற்கு முன்னால் எத்தனை வயலை நான் வரப்பிலிருந்தே பார்த்து எழுதியிருப்பேன் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனசு கனக்கிறது. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது புல எண் (சர்வே எண்) முடிக்கவேண்டும், சாயங்காலத்துக்குள் கணக்கு மேலதிகாரிகளுக்குப் போகவேண்டும் என்று நெருக்கினால் அப்படித்தான் நடக்கும்.

அதனால் உங்கள் 2 ஏக்கர் 33-க்குக் கீழே எழுதப்பட்டிருக்கலாமா என்றால், இருக்கலாம். ஆனால் ஒரே மட்டத்தில், ஒரே தண்ணீரில் கிடந்த வயல்கள் என்கிறீர்கள்; உங்கள் பட்டா ஏக்கரும் அடுத்தவர் வயலும் தகுதி பெற்றிருக்கும்போது நடுவில் இருக்கிற கோயில் நிலம் மட்டும் தப்பித்தது என்று எழுதுவது கடினம். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் திரும்பியிருக்கும் என்றும் தோன்றவில்லை, ஒரு ஏக்கர் பணம் அதே கணக்குக்கு வந்திருக்கிறதே. என் ஊகம் அடங்கலில்தான் போய் நிற்கிறது.

அடங்கல் என்பது கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஜூலை முதல் ஜூன் வரைக்குமான வருவாய் ஆண்டில், எந்தப் புல எண்ணில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் கணக்கு. நிலம் யாருடையது என்பது பட்டாவில் இருக்கும். பயிர் யாருடையது என்பது அடங்கலில் இருக்கவேண்டும். நிவாரணம் பயிர் வைத்தவருக்குத்தான். ஆனால் கோயில் நிலத்தில் சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் பல ஊர்களில் பழைய குத்தகைதாரர் பெயரே வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் அப்பா பெயர் இருந்து, கணக்கெடுப்பில் அவர் காலமானது தெரிந்து, வாரிசு பெயரில் குத்தகை மாறாததால் அந்த வரியையே விட்டுவிட்டிருக்கலாம். அல்லது அப்பா பெயரில் ஏற்றி, மூடிப்போன அவருடைய பழைய கணக்குக்குப் பணம் போய்த் திரும்பியிருக்கலாம். அல்லது அந்தப் புல எண்ணில் வேறு யார் பெயராவது ஏறியிருக்கலாம். இது கசப்பான விஷயம், ஆனால் நடப்பதுண்டு. இந்த மூன்றில் எது என்பதைப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆகவே முதல் வேலை பட்டியலைப் பார்ப்பது. உங்கள் கிராமத்தின் 2024 ஃபெஞ்சல் பயிர்ச்சேதக் கணக்கெடுப்புப் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் இருக்கும். நேரில் கேளுங்கள். "அங்கே போ, இங்கே போ" என்று இரண்டு துறையும் மாற்றி மாற்றி அனுப்பினால் அலையவேண்டாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு இரண்டு அலுவலகத்துக்கும் தனித்தனியாக ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். பொதுவாக "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். கோயில் நிலத்தின் புல எண், உட்பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, அந்த எண்ணுக்கு எதிரே பதிவான சாகுபடியாளர் பெயர், பாதித்த பரப்பு, சேதச் சதவீதம், பணம் விடுவிக்கப்பட்டதா, திரும்பியதா என்று இந்த ஐந்தை மட்டும் கேளுங்கள். கூடவே பசலி 1434-க்கான அடங்கல் நகலும் கேளுங்கள். 2024 சம்பா அந்தப் பசலியில்தான் வரும்.

பதில் கையில் வந்த பிறகு எங்கே போவது என்பது அதைப் பொறுத்தது. பணம் திரும்பியிருந்தால் காரியம் எளிது. வாரிசுச் சான்றும் உங்கள் வங்கிப் புத்தக நகலும் கொடுத்து மறுபடி விடுவிக்கக் கேட்கலாம். பரப்பே விடுபட்டிருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். அங்கே வருவாய்த்துறையும் வேளாண்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது. விடுபட்டவர்களுக்குத் துணைப்பட்டியல் போட்டுப் பணம் வாங்கிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நிதி ஒதுக்கி முடித்துவிட்டோம் என்று மறுத்ததையும் பார்த்திருக்கிறேன். காலம் போகப் போக வாய்ப்பு குறையும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

குத்தகையை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை இதோடு சேர்த்தே தொடங்குங்கள். 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், இறந்த குத்தகைதாரரின் வாரிசு தானே உழைத்துப் பயிர் செய்தால் அவரையும் சாகுபடிக் குத்தகைதாரராகவே பார்க்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்த்துறை வைத்திருக்கும் குத்தகை உரிமைப் பதிவேட்டில் உங்கள் அப்பா பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோயில் நிர்வாகத்துக்குக் குத்தகைப் பாக்கி இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ரசீதுகளையெல்லாம் தேடி எடுத்து வையுங்கள். சட்டச் சிக்கல் வந்தால் குத்தகை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும், நான் வயல்காட்டு ஆள்.

காப்பீட்டுக்கு வருகிறேன். இது முழுக்க வேறு கணக்கு, நிவாரணத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. என் அனுபவத்தில் ஒரே பருவத்துக்கு இரண்டும் வாங்கியவர்கள் நிறைய உண்டு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் (முழு நஷ்டமானால் கிடைக்கும் தொகையில்) 1.5 சதவீதம். மீதிப் பிரீமியம் அரசுகளுடையது. இதில் உங்கள் வயல் மட்டும் அழிந்தது என்பது கணக்கே இல்லை. உங்கள் வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூல்தான் கணக்கு. கிராமத்தில் நான்கு இடங்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து, தட்டி, தூற்றி, எடை போடுவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். அந்தச் சராசரி, முந்தைய ஆண்டுகளை வைத்துப் போட்ட வரம்பு மகசூலுக்குக் கீழே எவ்வளவு போகிறதோ அந்த விகிதத்தில் காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கு கிடைக்கும். உதாரணத்துக்கு வரம்பு 2,000 கிலோ, கிடைத்தது 1,500 கிலோ என்றால் நாலில் ஒரு பங்கு குறைவு; கட்டிய எல்லாருக்கும் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம். அந்த நான்கு இடமும் மேட்டுப் பக்கத்தில் விழுந்துவிட்டால் பள்ளத்தில் கிடக்கிறவருக்குப் பூஜ்யம்தான். உங்கள் ஊரில் ஒருவருக்குமே வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். சிலருக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் புல எண், வங்கிக் கணக்கு எண்ணில் பிழை இருக்கலாம். பதிவு ரசீதை எடுத்துச் சரிபாருங்கள்.

இந்தத் திட்டத்தில் எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று உண்டு. தனி வயலில் தண்ணீர் தேங்கிச் சேதமானால் அந்த வயலுக்கே கொடுக்கலாம் என்று இருந்த பிரிவிலிருந்து 2018-இல் நெல் வெள்ளத்தில் மூழ்குவதை எடுத்துவிட்டார்கள். கடைமடைக்காரருக்கு வருகிற ஆபத்தே அதுதான், அதைப்போய் எடுத்தார்கள். 2025 நவம்பரில் அதைத் திரும்பச் சேர்ப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது, 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) பருவம் முதல். அந்தப் பிரிவில் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். உங்கள் 2024 பயிருக்கு இது உதவாது.

அடுத்த பருவத்துக்கு இரண்டு காரியம் செய்துவையுங்கள். நடவு முடிந்த கையோடு அந்தப் பசலியின் அடங்கலில் மூன்று ஏக்கருக்கும் எதிரே உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பாக் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அதற்கும் அந்த அடங்கல்தான் வேண்டும், கடைசி வாரத்தில் போனால் கூட்டம் நெரியும். இன்னொன்று, மழை வந்து வயல் முழுகினால் தண்ணீர் நிற்கும்போதே புல எண் கல் தெரிகிற மாதிரி கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கணக்கெடுக்க வருகிற தேதியை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றைக்கு வயலில் நில்லுங்கள். வருகிறவர்கள் வரப்பிலேயே நின்றால், வயலில் இறங்கி அடியில் கிடக்கிற ஒரு பிடியை எடுத்துக் காட்டுங்கள். அவர்கள் நோட்டில் புல எண், பரப்பு, பெயர் மூன்றையும் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

2025-இலிருந்து விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுத்துவருகிறார்கள். அது பட்டாவை வைத்துப் பதிவாகிறது. இனி எல்லா உதவியும் அந்த எண்ணோடு இணையும் என்றால் உங்களைப் போலக் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் பயிர் வைக்கிறவர்களை எப்படி அதில் சேர்க்கப்போகிறார்கள் என்பது எனக்குப் பெரிய கவலை. குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் 2 ஏக்கருக்கான மனுவோடு இதையும் ஒரு கேள்வியாக எழுந்து கேளுங்கள். தகவல் மனுவுக்குப் பதில் வந்ததும் அந்தப் புல எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று இங்கேயே சொல்லுங்கள், அதை வைத்து அடுத்த மனுவை எழுத உதவுகிறேன்.